அம்மாவையும் கேட்ட கணக்கெடுப்பு

எழுபதுகளின் இறுதியில் கோலாலம்பூரில் எனக்குப் புள்ளிவிவர அதிகாரி உத்தியோகம் கிடைத்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "நம்ம பொண்ணு கவர்மெண்டுக்கே கணக்குச் சொல்லப் போறா லா" என்று தானா ராத்தா டவுனில் கடைகடையாகச் சொல்லி வந்தார்.

சில வருடங்களில், நாட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. குடும்பத்தலைவரைக் கேட்டு எல்லாருக்குமாக எழுதிக்கொள்வதுதான் வழக்கம். பெண்களை நேரில் கேட்காவிட்டால் கணக்கு தப்பாகும் என்றேன். என் மேலதிகாரி மலாய்க்காரர், நிதானமானவர். "ஆள் செலவு கூடும். முதலில் உங்கள் மலையில் சோதித்துப் பார்ப்போம்" என்று அவரே கிளம்பி வந்தார்.

சோதனைக்குக் குலுக்கிப் போட்டு எடுத்த வீடுகளில் எங்கள் வீடும் இருந்தது. சொந்த வீட்டில் நான் வாய் திறக்கக் கூடாது என்பதால் அவர்தான் மலாயில் கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "மனைவிக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா தூறலில் நனைந்தபடி, முதுகில் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவின் பதில் அவள் காதில் விழுந்துவிட்டது.

"யாரு வீட்டுல இருக்கா? விடியக்காலையில கொழுந்து கிள்ளப் போனவ இப்பத்தானே வரேன்!"

"தோட்டத்துப் பதிவுல உனக்கு நிரந்தரப் பேரு இல்லையே, அதான் அப்படிச் சொன்னேன்" என்று அப்பா முனகினார்.

"பேரு இல்லாட்டி கை வலிக்காதா?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். வாய்விட்டுச் சிரித்தார், அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். அடுத்தடுத்த வீடுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரு வீட்டில் மட்டும் மனைவி பிள்ளை பெற்று நிஜமாகவே வேலைக்குப் போகாமல் இருந்தாள். அதை அப்படியே பதிந்தோம்.

எங்கள் அறிக்கை தலைமையகத்தில் ஏற்கப்பட்டது. ஒவ்வொருவரையும் நேரில் கேட்க வேண்டும் என்று கையேட்டில் விதி ஏறியது. எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்த கணக்கெடுப்பாளர்களுக்கு அதை விளக்கும்படி என்னை மேடையேற்றினார்கள். நிறைந்த மண்டபத்தின் முன்னால், குரல் கொஞ்சமும் நடுங்காமல் மலாயில் பேசி முடித்தேன். கைதட்டல் எழுந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.