திங்கட்கிழமைகளில் வராத பிள்ளை

முசலிப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. மன்னார்த் தீவில் இருந்த எங்கள் வீட்டை, அம்மா கண்ணை மூடிய கையோடு அண்ணர் கனடாவில் இருந்தபடியே விற்றுவிட்டார். நான் கலியாணம் கட்டவில்லை. ஆகவே சனி ஞாயிறுகளில் மற்ற ஆசிரியைகள் பஸ் ஏறிப் போக, நான் மட்டும் ஆசிரியர் விடுதியில் கிடப்பேன். தனியே இருக்கத்தான் எனக்குப் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். பச்சைப் பொய்.

எனக்கு வாய் நீளம். பிழை கண்டால் சொல்லாமல் இருக்க வராது. வந்த முதல் தவணையிலேயே ஆசிரியர் அறையில் பாதிப் பேரோடு முறைத்துக்கொண்டாயிற்று. என்னோடு மிஞ்சியது ஒரேயொரு ஆள். பாடசாலையைக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த ஊரில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் விடுதிக்கு வருவாள். குசினி நிலத்தில் பாயை விரித்துப்போட்டு இருவரும் சாப்பிடுவோம். அவள் மீன் கொண்டுவருவாள், நான் சோறு வைத்திருப்பேன். அவள் தன் மருமகளைத் திட்டுவாள், நான் அண்ணரைத் திட்டுவேன். வயிறும் மனமும் நிறைந்துவிடும்.

நான் படிப்பித்தது மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு தவணையும் தொடங்குவதற்கு முதல் நாள் வகுப்பறைகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது அங்கே வழக்கம். வயலுக்கு அடிக்கிற அதே மருந்துதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதல். கறையான், கரப்பான், குளவி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அடித்துவிட்டு யன்னல்களைப் பூட்டிவிடுவார்கள். இரண்டாம் தவணை தொடங்கிய காலை, என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்துவிட்டது. ஓட்டோவில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த வழி முழுக்க அவளுடைய விரல்கள் என் சேலையைப் பிடித்திருந்தன.

தகப்பன் கடலில். தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். பிள்ளைக்கு மூக்கில் மருந்துப் புகை பிடித்து மூச்சு வந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னொருக்கா இப்பிடி வந்தா நான் பள்ளிக்கு விடமாட்டன், டீச்சர். படிப்பில்லாட்டிலும் உயிரோட இருக்கட்டும்.”

“இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள மருந்து வராது. அதுக்கு நான் பொறுப்பு,” என்றேன்.

சொன்னதைச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். அதிபர் நல்ல மனிதர். வேலை தன் தலையில் விழாதவரைக்கும் எதற்கும் தலையாட்டுவார். மருந்துக்கு ஒதுக்கியதில் சீமெந்து வாங்கிச் சுவர் வெடிப்புகளை அடைத்தோம். தண்ணீர் போகும் துவாரங்களுக்குக் கம்பி வலை வைத்தோம். பகலுணவு அரிசியை மூடி இறுகும் தகர வாளிகளுக்கு மாற்றினோம். அலுமாரிக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த பழைய அட்டைப் பெட்டிகளைப் பிள்ளைகளைக் கொண்டு வெளியேற்றினேன். வகுப்பறைக்குள் யாரும் சாப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டேன். பூச்சிக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒளிக்க இடமும் இல்லாவிட்டால் அது தானாகப் போய்விடும் என்பதுதான் விஷயம். எத்தனை போகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மன்னார் ரவுனில் பிசின் தடவிய அட்டைகள் வாங்கி மூலைக்கு மூலை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து, ஒட்டியிருக்கும் கரப்பான்களை எண்ணுவேன்.

எண்ணியதோடு விட்டேனா? இல்லை. அட்டைகளில் எந்த அறை என்று எழுதி, ஒட்டிய கரப்பான்களோடேயே ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கவிட்டேன். எல்லோரும் பார்க்கட்டும், ஆதாரம் வேண்டும் அல்லவா? முதல் கிழமைகளில் அட்டைகள் கறுத்துக் கிடந்தன. ஆசிரியர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். “இவ்வளவு ஊத்தைக்குள்ளயா இருந்தனாங்கள்?” என்று ஒருவர் கேட்டார். அதிபர் சிரித்தார். ராத்தா வாசலில் தும்புத்தடியோடு நின்றாள். அவளும் சிரித்தாள் என்றே எனக்கு ஞாபகம்.

ஒரு மாதத்தில் அட்டைகள் வெளுக்கத் தொடங்கின. பிறகு ஒன்றுமே இல்லை. கிழமைக்குக் கிழமை வெறும் அட்டை. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரிக்கு அவற்றைக் காட்டி அரைமணித்தியாலம் பேசினேன். பக்கத்துப் பாடசாலைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாமே என்றார். அன்று ராத்தா கொண்டுவந்த மீனில் இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டேன்.

அந்தப் பிள்ளை மட்டும் திங்கட்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்தாள், பாதி நேரத்தில் இருமத் தொடங்கினாள், வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த திங்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. செவ்வாயும் புதனும் நன்றாக ஓடித் திரிந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“திங்கக்கிழமையில வகுப்பு மணக்குது, டீச்சர். அப்ப எனக்கு நெஞ்சு இறுகுது.”

“அது நிலம் துடைக்கிற தண்ணியின்ர மணம்.”

“இல்ல டீச்சர். அந்த மணம் எனக்குத் தெரியும். இது வேற.”

கொரோனா வந்து போன பிறகு எனக்கு மணம் சரியாகத் தெரிவதில்லை. சோறு அடிப்பிடித்தாலே பக்கத்தில் ஆள் நின்று சொல்லவேண்டும். ஆனால் அந்த நேரத்தில் என் மூக்கின் நிலைமை எனக்கு நினைவுக்கே வரவில்லை. அட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. மருந்தே இல்லாத இடத்தில் மருந்து எப்படி மணக்கும்? திங்கட்கிழமைகளில் மனக்கணிதச் சோதனை. பிள்ளை அதற்குப் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். தாய் வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். வகுப்பில் ஒன்றும் இல்லை, பிள்ளைக்குக் கொஞ்சம் கள்ளம் இருக்கிறது, நீங்கள் இடம் கொடுக்கவேண்டாம் என்றேன். தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு அடித்தாள். இதை எனக்குப் பிள்ளையே சொன்னாள், குறை சொல்வதுபோல அல்ல, ஊரில் மழை பெய்தது என்பதுபோல.

அடித்தும் சரிவரவில்லை. அடி வாங்கி வந்த திங்கட்கிழமை மத்தியானமே இழுப்பு வந்தது. தாய் என்னிடம் சத்தம் போடவில்லை. இந்தத் தவணையோடு நிற்பாட்டப் போவதாக அமைதியாகச் சொன்னாள். தவணை முடிய மூன்று கிழமை இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்காகப் பாடசாலை பதினொன்றரைக்கு விட்டுவிடும். விடுதிக்குப் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியை வகுப்பு மேசையில் விட்டுவந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். யன்னல்கள் பூட்டிக் கிடந்தன. கதவைத் தள்ளினேன்.

ராத்தா குந்தியிருந்து சுவர் மூலைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் பூங்கன்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல். பக்கத்தில் நான் காலையில் வைத்த புது அட்டை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.  அவள் மெதுவாக எழும்பி முந்தானையை அவிழ்த்தாள்.

“எவ்வளவு காலமா, ராத்தா?”

“ரெண்டு மாசம் இருக்கும். மகன் வயலுக்கு வாங்கினதில மிச்சம்.”

“ஏன்? நான் எவ்வளவு சொன்னனான்?”

“நீங்க எல்லாருக்கும் சொன்னீங்க, டீச்சர். எனக்கு எங்க சொன்னீங்க?” அவள் குரல் உயரவில்லை. “கரப்பொத்தான் கண்டா உங்களை ஆரும் பேசமாட்டினம். கூட்டுறவள் நான். என்ர ஊத்தையைச் சுவரில தொங்கப்போட்டு எண்ணினீங்க. தேத்தண்ணி குடிக்க வாறவங்க எல்லாம் அதைப் பார்த்திட்டு என்னைப் பார்த்தாங்க. இருபத்திரண்டு வருசம் இந்தப் பள்ளியக் கூட்டியிருக்கிறன். ஒருத்தரும் என்னை அப்பிடிப் பார்த்ததில்ல.”

அவள் மூலையில் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

“பொறகு அட்டை வெறுமையா வந்திச்சு. நீங்க சின்னப் புள்ள மாதிரிச் சந்தோசப்பட்டீங்க. அதையும் பார்த்தனான். விட மனம் கேக்கல்ல.”

திங்கட்கிழமை வராத பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு என் கதிரையில் இருந்தாள். அவள் அந்தக் கதிரையில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. “அல்லாவே, அந்தப் புள்ளையா,” என்றாள். பிறகு, “இனி அடிக்கமாட்டன். இது எங்களோட இருக்கட்டும், டீச்சர்,” என்றாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

யன்னல்களைத் திறந்து, இருவரும் சவர்க்காரத் தண்ணீரால் சுவரையும் நிலத்தையும் மேசைகளையும் கழுவினோம். மூன்று தரம் தண்ணீர் மாற்றினோம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கழுவினோம்.

அதோடு விட்டிருக்கலாம். பிள்ளை மெல்ல மெல்லத் தேறியிருப்பாள், யாருக்கும் ஒன்றும் தெரியவந்திராது. அன்றிரவு படுத்தபடி அதைத்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளையைக் கள்ளி என்றது நான். அவள் அடி வாங்கியது என் வாயால். சும்மா ‘பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கோ’ என்று போய் நின்றால், ஒரு தரம் பொறுப்பு என்று சொல்லி ஏமாற்றியவளை அந்தத் தாய் ஏன் நம்பவேண்டும்? சனிக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பிள்ளை சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் பிழை என்றேன். பிள்ளையைக் கூப்பிட்டு அவளுக்கும் அதையே சொன்னேன். அவள் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். மருந்து அடித்தது யார் என்று தாய் கேட்டாள். பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு சிற்றூழியர். நான் வாய் திறக்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது. இதை வெளியே கதைக்கவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். அவள் சரி என்றாள். அவள் சொல்லித்தானோ, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆரும் கேட்டோ, பின்னேரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராத்தா வீட்டுக்குப் போனேன். “வாங்கோ டீச்சர், இரிங்கோ,” என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். நிலத்தில் பாய் விரித்து ஒன்றாக இருந்து சாப்பிட்டவள், அன்று நான் கதிரையில் இருக்கத் தான் நின்றாள். தேத்தண்ணி தந்தாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“புள்ள விசயத்தில நீங்க செஞ்சது சரி. நானும் நாலு பெத்தவள்,” என்றாள். “போறதுக்கு முந்தி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்களோட வந்திருப்பன். நானே என்ர வாயால சொல்லியிருப்பன். எனக்கு அதையும் விட்டுவைக்கல்லயே நீங்க.”

 உண்மையில், வெள்ளிக்கிழமை தலையாட்டிவிட்டுச் சனிக்கிழமை அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் அந்தத் தாயிடம் போனேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதையும் நானே நேராக்கிவிட்டால்தான் எனக்கு ஆறும். அந்தக் குணத்தை நேர்மை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வாசலில் நின்று உள்ளே முகர்ந்து பார்த்தாள். ஒரு காலை உள்ளே வைத்து இன்னொரு தரம் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இண்டைக்கு இல்ல, டீச்சர்,” என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தாள். இடைவேளைக்கு ஓடினாள். மத்தியானம் வரை ஒரு இருமலும் இல்லை. அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளிலும் வந்தாள். தாய் அவளை நிற்பாட்டவில்லை. இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள்.

ஆசிரியர் அறைச் சுவரிலிருந்த அட்டைகளை நான் கழற்றிவிட்டேன். மூலைகளில் அட்டை வைப்பதும் எடுப்பதும் இப்போது ராத்தாவின் வேலை. எங்கே வெடிப்பு விழுந்தாலும் என்னைவிட முதலில் அவள்தான் காண்கிறாள், அதிபரிடம் கேட்டுச் சீமெந்து வாங்கி அவளே பூசுகிறாள். கரப்பான் இன்னும் இருக்கிறது, ஆனால் குறைவு. இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறாள். வழியில் கண்டால், “சுகமா டீச்சர்,” என்பாள். நின்று கதைப்பதில்லை.

அந்தப் பிள்ளை திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, இடாப்பில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டு, அவள் குரல் கொடுத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வெளி விறாந்தைக்கு ஓடினேன். இதை ஓடிப்போய்ச் சொல்ல அந்த ஊரில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் விறாந்தையின் மற்ற முனையில் எனக்கு முதுகைக் காட்டிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே திரும்பி வந்து மிச்சப் பெயர்களைக் கூப்பிட்டேன்.