மாதா கோவில் ஏற்றம்

அல்கொய் மலைப்பள்ளத்தாக்கின் சுற்றுலா அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் தில்லையம்பலத்தை, "எந்தச் செங்குத்திலும் இறங்காமல் ஏறும் சரளைப்பாதைச் சைக்கிள் வீரர்" என்று அறிமுகப்படுத்துகிறது. வீரருக்கு வயது ஐம்பத்தெட்டு. மேடு என்றால் பாலம் மட்டுமே என்றிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகியவர். கோவில் வாசலைக் கண்டால் இறங்கி உருட்டுவது அங்கே வந்த பழக்கம். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் சாமி மாறியது, பழக்கம் மாறவில்லை.

அலுவலகத்துக்காகப் புதிய சைக்கிள் பாதையைப் பரிசோதித்துவிட்டு வந்தவரிடம் அலுவலகத் தலைவி ஒன்றுதான் கேட்டார்: மாதா கோவிலடி ஏற்றத்தை இறங்காமல் ஓட்டலாமா? முடியாதென்றால் பாதையைக் கைவிடுவார்கள். அதோடு தில்லையம்பலத்தின் அடுத்த கோடைகால வேலையும் போய்விடும். பாதையிலேயே ஆகச் செங்குத்தான இடம் அது. மாதா சரியாக அங்கேதான் குடியிருந்தார்.

"ஓம் எண்டு சொல்லிவிடுங்கோவன்," என்றார் மனைவி சிவகலா. "ஆர் வந்து பாக்கப்போகினம்?"

"மாதா பாத்துக்கொண்டுதானே இருந்தவ."

"அப்ப நாளைக்கு ஒருக்கா ஓடிப் பாருங்கோ."

"சாமிக்கு முன்னாலயோ? ஏலாது."

"நீங்கள் இறங்கினது பக்தியிலயோ, மூச்சு வாங்கினதாலயோ?"

"ரெண்டும் ஒரே இடத்தில வந்தா நான் என்ன செய்ய?"

மறுநாள் அவர் தலைவியிடம், கோவிலடியில் இறங்கித்தான் உருட்டினேன் என்று உள்ளதைச் சொன்னார். தலைவி அந்த இடத்தில் "வழிபாட்டிடம், இறங்கி நடக்கவும்" என்று பலகை வைக்கச் சொன்னார். பாதை திறந்தது, வேலையும் தப்பியது. மூச்சு முட்ட வரும் இளைஞர்கள் இப்போது அங்கே மிகுந்த மரியாதையோடு இறங்குகிறார்கள். இணையப் பக்கத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை.

அந்த ஏற்றத்தில் தில்லையம்பலம் இப்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்.