சபையில் கேட்கும் குரல்

பருத்தித்துறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மெலிந்த பெண், பாராளுமன்றத்தில் சிங்களப் பேச்சுகளை உடனுக்குடன் தமிழில் சொல்பவர். கண்டக்டர் பேசும்போதுகூட அவர் உதடுகள் சத்தமின்றிக் கூடவே அசைந்தன.

“ஆரின்ரை பேச்சைச் சொல்லத்தான் கஷ்டம்?” என்று கேட்டேன்.

“ஒரு அமைச்சர், ‘காணாமற்போனோர் எவரும் இன்று உயிரோடில்லை’ எண்டார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுறதுதானே என்ரை வேலை. சொன்னன். போரிலை காணாமற்போன என்ரை அண்ணையை இண்டைக்கும் தேடுற அம்மா, வீட்டு டிவியிலை அதை என்ரை குரலிலைதான் கேட்டவா.”

“அம்மா என்ன சொன்னவா?”

“இப்பவும் சபை கூடினால் டிவிக்கு முன்னாலைதான் இருப்பா. ஒருநாள் இதே குரலிலை, அவை உயிரோடை இருக்கினம் எண்டு நானே மாத்திச் சொல்லுவன் எண்டு காத்திருக்கிறா.”

அவர் நெல்லியடியில் இறங்கிவிட்டார். இப்போதெல்லாம் சபை நேரலையில் அந்தக் குரல் வந்தால், நானும் டிவியை நிறுத்துவதில்லை.