தண்ணி வரும் நாளில் ஒரு குரல்

போன வருடம், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில், திருமயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் குழாயடியில் நடந்தது இது.

நான் புதுக்கோட்டை அருகே ஒரு கல்லூரியில் மென்பொருள் பொறியியல் நடத்துகிறவள். குழுத் திட்டம் என்றால் பிள்ளைகள் புதிதாக எதையாவது கட்டத்தான் ஆசைப்படுவார்கள். நான் விடமாட்டேன். முந்தைய வருடத்துப் பிள்ளைகள் செய்துவிட்டுப் போனதைக் கையில் கொடுத்து, ஓடுகிறதை நிறுத்தாமல் திருத்துங்கள் என்பேன். வேலைக்குப் போனால் அவர்களுக்கு வாய்க்கப்போவது அதுதான்.

அப்படிக் கைமாறியதுதான் இந்தத் தண்ணீர் அழைப்பு. அந்த ஊரில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளிலும் நேரம் கிடையாது. தொட்டியைத் திறக்கிறவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், தெருவின் எல்லா போனுக்கும் பதிவு செய்த குரல் ஒன்று போகும்: “தண்ணி வருதுங்க, கொடத்தோட வாங்க.” அதைப் பேசியவள் முதல் குழுவில் இருந்த, அதே ஊர்ப் பெண். பேசி முடிக்கும்போது பக்கத்திலிருந்தவன் ஏதோ சேட்டை செய்ய, சிரிப்பு ஒன்று கிளம்பி, பாதியில் அறுந்திருக்கும்.

அடுத்த குழு மின்விசிறி இரைச்சலையும் அந்த அரைச் சிரிப்பையும் குறை என்று குறித்தது. எடுத்துவிட்டு, கழுவித் துடைத்த கண்ணாடி போல ஒரு கணினிக் குரலை வைத்தது. நானும் மெச்சினேன். ஊரில் கேட்டுவிட்டு வரலாம் என்று எல்லோருமாகப் போனோம்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா திருச்சி ரயிலு வருதுங்கற மாதிரியில்ல சொல்லுது!” என்றார் ஒருவர்.

“ஆமா, கொடத்த எடுக்கவா, டிக்கெட்ட எடுக்கவான்னு முழிக்கிறோம்!” என்றார் இன்னொருவர்.

குழாயடியே சிரித்தது. ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

“செத்த இங்கிட்டு வாங்க டீச்சர்.”

தொட்டிக்குப் பின்னால் நிழலில் நின்றோம்.

“பழைய சத்தத்தத் திரும்பப் போட முடியாதுங்களா?”

“இது இன்னும் தெளிவா இருக்கே, அக்கா?”

“தெளிவு கெடக்கட்டும். அது எம் மக டீச்சர்.”

மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனதும், அங்கே தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதில் மகளின் எண் நுழையாதபடி அவர் அடைத்துவிட்டார். தண்ணீர் அழைப்பு வந்தால் மட்டும், காதில் கூட வைக்காமல் மனைவியிடம் நீட்டிவிடுவார்.

“தண்ணி வார அன்னைக்கு மட்டுந்தான் எங்கிட்டப் பேசுவா. கொடம் நெறஞ்சி கெடந்தாலும் எடுப்பேன். அந்தச் சிரிப்பு வர்ற வரைக்கும் வச்சிருப்பேன். இப்ப தண்ணி வருது. அவ வரல.”

பஸ்ஸில் திரும்பியதும் அந்தப் பழைய பதிவைக் கல்லூரியில் தேடிப் பார்த்தோம். நிரலின் ஒவ்வொரு பழைய வரியும் பத்திரமாக இருந்தது. குரல் இல்லை. புதியதைப் பழையதன் மேலேயே ஏற்றியிருந்தார்கள். “அதையும் சேத்து வைக்கணும்னு தோணல மேடம்,” என்றான் ஒருவன், தரையைப் பார்த்தபடி.

பழைய குழுவினரிடம் எண் வாங்கி அந்தப் பெண்ணை அழைத்தேன். பதிவு தொலைந்துவிட்டது, மறுபடி பேசி அனுப்ப முடியுமா என்றேன்.

“கம்ப்யூட்டர் குரல் வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்களே மேடம். அது போதாதா?”

“ஒரு அம்மா ஒன் குரல்தான் வேணுங்கறாங்க.”

எந்த அம்மா என்று அவள் கேட்கவில்லை.

“சிரிப்பு வரைக்கும் கேப்பாங்களாம்,” என்றேன். போன் வைக்கப்பட்டது.

மாலையில் வாட்ஸப்பில் வந்தது. தண்ணி வருதுங்க, கொடத்தோட வாங்க. சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு மூச்சு. பிறகு, “குழாயடி வழுக்கும், பாத்து வாங்க.”

“இது பழசுல இல்லையே மேடம். வெட்டிரவா?” என்று கேட்டான் மாணவன்.

“ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே,” என்றேன்.

அடுத்த முறை தண்ணீர் திறந்த காலையில் நான் அந்தத் தெருவில் இருந்தேன். சோதனைக்குப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன், நிலைகொள்ளாமல்தான் வந்தேன். அந்த அம்மாவின் வீட்டு வாசலில், கணவர் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க போன்கள் மணியடித்தன. அவர் சட்டைப் பையிலும். வழக்கம்போல எடுத்து, உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த மனைவியிடம் நீட்டினார். அதற்குள் அடுத்த வீட்டு ஸ்பீக்கரில் அந்தக் குரல் தெருவுக்கே கேட்டது.

நீட்டிய கை நடுவிலேயே நின்றது. மெல்லத் திரும்பி அவர் காதுக்குப் போனது. முடியும்வரை கேட்டார். முடிந்த பிறகும் வைத்திருந்தார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வழுக்குதாம்,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “நீ இரு. நானே எடுத்துட்டு வாரேன்.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குழாயடியில் பெண்கள் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மகளின் எண் அந்த போனில் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. ஆனால் அவளிடமிருந்து எனக்குச் செய்தி வரும்: ‘போன பதிவுல கொஞ்சம் இரைச்சல் மேடம், புதுசு அனுப்புறேன்.’ இரைச்சல் எதுவும் இருந்திருக்காது. கடைசி வரி மட்டும் மாறியிருக்கும். வெயிலு கடுமையா இருக்கு, தலையில துணி போட்டுக்கங்க. மழ வர்ற மாதிரி இருக்காம், வெறகை உள்ள எடுத்து வைங்க. தெரு முழுவதும் அதைக் கேட்டுத் தலையில் துணி போட்டுக்கொள்கிறது, விறகை எடுத்து வைக்கிறது.

ஒரு திட்டம் எப்போது முடிந்தது என்று சொல்வது என வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்; பாடத்தில் உள்ள பதிலைச் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், ஏனென்றால் அவளே ஊருக்கு வந்து அந்தக் குழாயடியில் நிற்பதால் எனக்குப் பதிவு எதுவும் அனுப்பத் தேவையில்லாத ஒரு தண்ணீர் நாளுக்காகத்தான், ஒவ்வொரு புதுக் குரலையும் ஏற்றிவிட்டு இன்னும் காத்திருக்கிறேன்.