கட்டுப் பிரித்த பாத்திரங்கள்

புரட்டாசியில், வெயிலும் மேகமும் மாறி மாறி வந்த ஒரு பகலில், அப்பாவின் தங்கை ஒரு குட்டி லாரியில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கட்டில், அண்டா, தவலை, தட்டு எல்லாம் கயிறு கட்டியபடி அவளோடு இறங்கின. பூதலூர்ப் பக்கம் எங்கள் வீடு ஓர் அறையும் அடுப்படியும்தான். அறையில் பாதி நெல் மூட்டைகளுக்கு. மீதியில் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம்.

தை பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார், அதுவரை கட்டுகளைப் பிரிக்க வேண்டாம், ஊர் கண்ணில் படாமல் மாட்டுக் கொட்டகையில் கிடக்கட்டும் என்றார் அப்பா. அத்தையின் வீங்கிய முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது.

அம்மா சண்டைக்குப் போகவில்லை. "கொட்டாயில எலி இருக்குங்க. உள்ளயே வச்சிடலாம். ஆனா கட்டோட வச்சா எடம் அடைக்கும். பிரிச்சாத்தான் அடங்கும்."

அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் எடுத்துவரப் போனார்.

அந்த மதியம் முழுக்க வீடு தூக்கத்தில் புரள்வதுபோல இடம் மாறியது. செங்கல் கொடுத்து உயர்த்திய கட்டிலுக்கடியில் மூட்டைகள் படுத்துக்கொண்டன. அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் சட்டி, சட்டிக்குள் செம்பு. அவிழ்த்த கயிறுகளை முடிந்து அம்மா கொடி கட்டினாள். அத்தையின் புடவைகளுக்கு ஊடே கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் நீலமும் சிவப்புமாக வழிய, நான் ஆற்றுக்கடியில் நடப்பவளைப் போல அதில் நடந்து திரிந்தேன்.

அம்மா தன் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, அத்தையின் பெயர் வெட்டிய தட்டுகளை அடுப்படிப் பலகையில் அடுக்கினாள்.

"என்னோடத மேல போடுங்க அண்ணி."

"தெனம் பொழங்குறது கைக்கு எட்டணும்ல" என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பாவுக்கு அந்தத் தட்டில்தான் சோறு. விளிம்பில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, தலை தூக்காமல் அத்தையிடம் சொன்னார்: "நாளைக்கு நடவு. வயலுக்குச் சோறு கொண்டார ஆளில்ல. நீ எடுத்துட்டு வா. தெரு வழியாவே வா."

ஆளில்லையா? எப்போதும் அம்மாவும் நானும்தானே தூக்கிப் போவோம்? அதுவும் கொல்லை வரப்பில் போனால்தானே கிட்ட? அப்பாவுக்கு மறந்துபோயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்கென்று புரியாமல் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.