தொடக்கக் கோட்டில் அக்கா

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையில் ஆள் பரம சாது. சைக்கிளில் ஏறிவிட்டால் வேறு ஆள். லாரி ஒன்று இடது காலை முழங்காலுக்கு மேலே வாங்கிக்கொண்ட பிறகுதான் இந்தப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலால் மிதிப்பார். இரண்டு காலும் உள்ள நான் நாக்குத் தள்ளப் பின்னால் வருவேன். என் மானம் போகும்!

கிளம்புவதில்தான் சிக்கல். ஒற்றைக் காலோடு ஏறிக் கிளம்பும் வரை யாராவது சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது அக்காவின் வேலை. அத்தான் "ம்" என்றதும் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளுவாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில சைக்கிள் அணிக்குத் தேர்வு வந்தது. ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும், குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் இடம். அத்தான் பல வருஷமாக அந்த இடத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பிடிக்கலாம்மா, விடலாம். தள்ளினீங்கன்னா அவ்ளோதான், வெளிய அனுப்பிடுவாங்க."

போதாதா! காலையிலிருந்து அக்கா "தள்ளக் கூடாது, தள்ளக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். செயற்கைக் காலை என் கையில் திணித்துவிட்டுப் போய் சீட்டைப் பிடித்தாள். விசில் ஊதினார்கள். அத்தான் மிதித்தார். சைக்கிள் நகரவில்லை. எங்கே தள்ளிவிடுவோமோ என்ற பயத்தில் இவள் விடவே இல்லை!

"விடுடி!"

"நான் தள்ளல சார், தள்ளவே இல்ல!" என்று நடுவரைப் பார்த்துக் கத்துகிறாள், கை மட்டும் உடும்புப் பிடி. கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் செயற்கைக் காலாலேயே அவளை ஒன்று போடலாமா என்று வந்தது. ஒருவழியாக விட்டாள். அத்தான் பறந்தார்.

வந்து சேர்ந்தபோது குறித்த நேரத்தைவிட இரண்டே நொடி அதிகம், இடம் போயிற்று.

"என்னாலதான் போச்சு," என்று அக்கா எல்லார் முன்னாலும் அழுதாள். பயிற்சியாளர், "அடுத்த தடவை நான் வேற ஆள் ஏற்பாடு பண்றேன்," என்றார்.

அத்தான் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இவதான் சார் பிடிப்பா. ஆஸ்பத்திரியில முதல் தடவை எழுந்து நின்னப்ப, விடு, விழுந்து செத்தா சாகறேன்னு கத்தினேன். அப்பவும் இவ விடல."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த காலைப் பிடுங்கினாள்.

"பேசினது போதும். உட்காருங்க, மாட்டி விடறேன்."