நான் வீசிய சிவப்புத் துணி

பறப்பதைப் பற்றி என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இடுப்பு வலிக்கும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய இருவர் மேடைக்கு ஓரமாக மறைந்து நின்று கயிற்றை இழுப்பார்கள். கப்பி கிறீச்சிடும். சட்டைக்குள்ளே கட்டியிருக்கும் தோல் பட்டி விலாவை அறுக்கும். அந்த நேரத்தில் நான் சிரித்த முகத்தோடு ஒரு கையை முன்னே நீட்டியபடி திருகோணமலையின் வானத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். வானம் என்பது நீலம் அடித்த இரண்டு படுக்கை விரிப்புகள்.

எங்கள் கோயில் வட்டாரத்து வாலிபர் சங்கம் ஆண்டுக்கொரு நாடகம் போடும். வழக்கமாக அரசர்கள், துரோகிகள், கடைசியில் மனந்திரும்பும் ஒரு மகன். ராசா வேஷம் பார்த்துப் பார்த்துச் சனத்துக்கும் அலுத்துவிட்டது, எங்களுக்கும் அலுத்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அப்போது இந்தியாவிலிருந்து வந்த பழைய படக்கதைப் புத்தகங்கள் கிடைத்தன. அதில் ஒன்றில், முகமூடி போட்டுப் பறந்து திரிந்து, மூழ்கும் கப்பலை ஒற்றைக் கையால் தூக்கும் ஒரு வீரன் இருந்தான். எங்கள் நாடகத்தை எழுதி இயக்கிய பள்ளிக்கூட வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். கப்பல் என்றால் எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரனாக நான். கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த எனக்கு நடிப்பு சுமார்தான். தோள் அகலமாக இருந்தது, கயிறு தாங்கும் எடையாகவும் இருந்தேன். என்னைத் தெரிவுசெய்த காரணம் அவ்வளவுதான்.

துணிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். வீரனின் தோளிலிருந்து தொங்கும் சால்வைக்கு நல்ல சிவப்பில் துணி எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு தையற்காரர், வெள்ளைக்காரக் கடற்படை போனபோது விட்டுவிட்டுப்போன சாமான்களோடு கிடந்த ஒரு பெரிய கொடியைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். தடித்த கம்பளித் துணி. பூச்சி அரிக்காமல் போட்டுவைக்கும் பாச்சைக் குளிகை மணத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இருபத்தாறு வயதில் அதுவரை ஒருவரும் என்னை இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்ததில்லை.

முதல் நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. நடுவழியில் கப்பி சிக்கி, நான் கப்பலுக்கு மேலே நீண்ட நேரம் தொங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நிலத்தில் இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்கள் எனக்குத் தலைக்கேறிவிட்டன. இதை ஒளிப்பதில் பயனில்லை.

இரண்டாவது தடவை நிலாவெளியில் மேடையேற்றுவதாக இருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லொறியொன்றில் ஒலிபெருக்கி கட்டிக் கரையோரத் தெருவால் அறிவித்துக்கொண்டு போனோம். உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். வாத்தியாருக்கு விருப்பமில்லை.

"அதை மேடையிலை மட்டும் போடும். பகலிலை பாத்தால் சனம் நம்பாது" என்றார்.

நான் கேட்கவில்லை.

உப்புவெளி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் லொறி சூடாகிவிட்டது. சாரதி தண்ணீர் எடுக்கப் போனான். மற்றவர்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். நான் போகாமல் கடற்கரைப் பக்கம் இறங்கினேன், ஏனென்றால் அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாம் ஆறு, ஏழு வயதுச் சின்னஞ்சிறுசுகள். ஞாயிறு என்றபடியால் கரையில் ஆண்கள் இல்லை, வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. அந்த ஊரவர் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. தூரத்தில் ஒரே ஒரு வள்ளம் மட்டும் நின்றது. வாடைக்காற்று தொடங்கப்போகும் நாட்கள், கரையில் அலை எழும்பி உடைந்துகொண்டிருந்தது.

"பறந்து காட்டுங்கோ மாமா" என்றார்கள்.

கயிறு இல்லாமல் எப்படிப் பறப்பது? கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு வள்ளத்தின் முதுகில் ஏறினேன். சால்வையைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே இடமும் வலமுமாக வீசினேன். காற்றில் அது படபடவென்று அடித்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுத் துள்ளினார்கள்.

தூரத்து வள்ளம் திரும்புவதைக் கண்டேன். அதில் இருந்தவர் வலையைக் கூட இழுத்து முடிக்காமல், நேரே எங்களை நோக்கித் தண்டு வலித்தார். அவரும் என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் உரமாக வீசினேன்.

அலை உடையும் இடத்தில் வள்ளம் குறுக்காகத் திரும்பியது. அடுத்த அலை அதைப் புரட்டிப்போட்டது.

நான் வள்ளத்திலிருந்து குதித்து ஓடினேன். முழங்காலளவு தண்ணீர் மட்டும் போனேன். துறைமுகப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. கையில் பிடித்திருந்த கம்பளி நனைந்து, கல்லைப்போலப் பாரமாக இழுத்தது. ஒரு தலை மேலே வந்தது. வள்ளத்தின் அடிப்பக்கம் அதன் மேலே வந்து விழுந்தது. பிறகு தலையைக் காணவில்லை.

பின்னால் பிள்ளைகள் அழவில்லை. அவர்களுக்குப் பயமே இல்லை. "போங்கோ மாமா! பறந்து போய்த் தூக்குங்கோ!" என்று கத்தினார்கள். ஒரு சின்னப் பெட்டை என்னைப் பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தாள். நான் அங்கேயே நின்றேன். சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பாய்ந்தார்கள். அவரைக் கரைக்குக் கொண்டுவரும்போது மூச்சு இல்லை.

திரும்பிப் போகும்போது சாரதி லொறியை மெதுவாக ஓட்டினான். அவன் அந்தக் கரையில் பிறந்தவன். நகரத்துக்கு வந்து மற்றவர்கள் இறங்கிய பிறகுதான் கேட்டான்.

"துணியை நீ எப்பிடி வீசினனீ?"

காட்டினேன்.

"ரெண்டு கையாலையுமோ?" தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்கட கரையிலை அப்பிடி வீசினால், வீட்டிலை ஆரோ செத்துப்போச்சு, இல்லாட்டிப் பிள்ளைப்பேறு எண்டு அர்த்தம். கடலிலை நிக்கிறவன் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வருவான். அவருடைய மனிசிக்கு இது பெறுமாதமடா. அதுதான் தூர வைக்க வேண்டிய வலையையும் கிட்ட வைச்சிட்டு, பேற்றுச் செலவுக்குக் காசு வேணுமெண்டு ஞாயிறெண்டும் பாராமல் இழுக்கப் போனவர்."

கரையில் ஒரு பாதுகாப்பான வாய்க்கால் இருந்ததாம், அலை குறைந்த இடம். அதைச் சுற்றி வரக்கூட அந்த மனிதர் பொறுக்கவில்லை.

"நீ சொல்லாதை. நானும் சொல்லமாட்டன். வயித்துப் பிள்ளைக்காகத்தான் செத்தவர் எண்டு தெரிஞ்சால் அந்த மனிசி தாங்காது" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அந்தப் பெண்ணுக்காக இல்லை. பயம். செத்தவீட்டுக்குப் போனேன், கூட்டத்தோடு நின்றேன், வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டேன்.

நிலாவெளி மேடையில் வேறொருவர் பறந்தார். நான் அதற்குப் பிறகு ஒரு நாடகத்திலும் நடிக்கவில்லை. ஆனால் சனம் விடுமா? சந்தையில், பஸ்ஸில், கச்சேரி வாசலில் என்னை அந்த வீரனின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முழங்கால் நனைந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவும் மனம் வரவில்லை. சாரதி மத்திய கிழக்குக்குப் போய்விட்டான். அதோடு உண்மை தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஒரு பெண் எட்டு வயதுப் பிள்ளையோடு என் மேசைக்கு முன் வந்து நின்றார். பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்குப் பிரதி வேண்டும். பத்திரத்தில் தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் இறந்துவிட்டார் என்று குறித்திருந்தது. ஊரின் பெயரையும் பார்த்தேன். பேனை கையில் நின்றுவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தானே அண்டைக்குக் கரையிலை நிண்டனீங்கள்? அந்த நாடகக்காரர்?"

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்திருக்கிறேன். எழும்பி நின்றேன்.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு ஏலாமல் போச்சு" என்றார் அவர். "கரையிலை நிண்ட பிள்ளையள் சொன்னவை. இவளின்ர அப்பா தாழுறதைக் கண்டு, நீங்கள் துணியை வீசி வீசி ஆக்களைக் கூப்பிட்டனீங்களாம். ஒருத்தரும் இல்லாத நேரம் நீங்களாவது நிண்டீங்களே எண்டு நான் இவளுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்."

பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்கட அப்பாவைக் காப்பாத்தத்தானே மாமா துணியை வீசினனீங்கள்?"

காலை பதினொரு மணி. யன்னலால் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என்னிடம் முகமூடி இல்லை, சால்வை இல்லை, கயிறு இழுக்க ஆளும் இல்லை.

"ஓம் பிள்ளை" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.